உடையாத அணையும் உயிர் வாங்கும்

அணைப் பாதுகாப்பு என்று பேச்செடுத்தாலே, அணை தாங்குமா, உடைந்துவிடுமா என்பதில்தான் போய் நிற்கிறோம். வயது, கசிவு, விரிசல், நிலநடுக்கம், பெருவெள்ளம் என்று விவாதம் முழுவதும் சுவரைச் சுற்றியே நடக்கிறது. ஆனால், நீர்மின் அணைகளின் வரலாற்றில் மிகக் கொடிய நிகழ்ச்சிகளுள் ஒன்று அணை உடையாமலே நடந்தது. வடகிழக்கு இத்தாலியில் மின் உற்பத்திக்காகக் கட்டப்பட்ட வாயோந்த் அணை 260 மீட்டருக்கும் மேல் உயரம் கொண்டது. 1963 அக்டோபர் 9ஆம் தேதி இரவு, நீர்த்தேக்கத்தை ஒட்டிய மலைச்சரிவிலிருந்து ஏறத்தாழ 26 கோடி கன மீட்டர் மண்ணும் பாறையும் நீருக்குள் சரிந்தன. எழும்பிய பேரலை அணையைத் தாண்டிக் கீழே விழுந்து லாங்கரோனே என்ற ஊரையும் அதன் அண்டைக் கிராமங்களையும் துடைத்தெடுத்தது. ஏறத்தாழ 2,000 பேர் இறந்தார்கள். அணை அன்றும் நின்றது, இன்றும் நிற்கிறது. கட்டுமானம் உறுதியாக இருப்பது ஒன்று. அதன் கீழும் மேலும் வாழ்கிற, குளிக்கிற, மீன் பிடிக்கிற, பார்க்க வருகிற மனிதர்கள் பாதுகாப்பாக இருப்பது வேறொன்று. முதலாவதை உறுதிசெய்துவிட்டால் இரண்டாவது தானாக வந்துவிடும் என்று நம் நிர்வாகம் நெடுங்காலமாக எண்ணிவந்திருக்கிறது. அந்த எண்ணம் தவறு என்பதையும், ஆற்றையும் நீர்த்தேக்கத்தையும் மக்கள் பயன்படுத்துவதை அணை இயக்கத்தின் ஒரு பகுதியாகவே கணக்கில் கொள்ள வேண்டும் என்பதையும் சான்றுகளோடு நிறுவுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

சுவரைப் பற்றிய கவலை வீண் என்பதல்ல இதன் பொருள். 1979 ஆகஸ்ட் 11 அன்று குஜராத்தில் மச்சு-2 அணை உடைந்து மோர்பி நகரம் நீரில் மூழ்கியது. இறந்தவர்களின் எண்ணிக்கை பற்றி இன்றுவரை ஒருமித்த கணக்கில்லாத அளவுக்கு அந்த அழிவு பெரிது. 2023 அக்டோபரில் சிக்கிமில் பனிப்பாறை ஏரி ஒன்று உடைத்துக்கொண்டு வந்து, 1,200 மெகாவாட் தீஸ்தா-3 திட்டத்தின் சுங்தாங் அணையை அடித்துச் சென்றது. 2024 ஆகஸ்ட் 10 இரவு துங்கபத்திரை அணையின் 19ஆம் எண் மதகு, சங்கிலி அறுந்து ஆற்றோடு போனது. எழுபது ஆண்டுகளைக் கடந்த அந்த அணையின் உடலுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனாலும், ஒரு மதகின் மீது அழுத்தத்தைக் குறைப்பதற்காக மற்ற மதகுகளையும் திறந்து, பாசனத்துக்காகச் சேர்த்த நீரைப் பெருமளவில் வெளியேற்ற வேண்டியதாயிற்று. இந்தியாவில் ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட பெரிய அணைகள் உள்ளன. அவற்றில் பல அரை நூற்றாண்டைத் தாண்டியவை. ஆகவே பராமரிப்பு, ஆய்வு, வெள்ளம் தாங்கும் திறனின் மறுமதிப்பீடு ஆகியவை தட்டிக்கழிக்க முடியாத கடமைகள். 2021ஆம் ஆண்டின் அணைப் பாதுகாப்புச் சட்டம் பிறந்ததும் இந்தத் தேவையிலிருந்துதான்.

அந்தச் சட்டம் பாராட்டத்தக்க பல ஏற்பாடுகளைச் செய்திருக்கிறது. மழைக்காலத்துக்கு முன்னும் பின்னும் ஆய்வு, தனி வல்லுநர் குழுவின் முழு மதிப்பீடு, நீர்வரத்தை முன்கணிக்கும் அமைப்பு, கீழ்ப்பகுதி மக்களுக்கு வெள்ள எச்சரிக்கை, ஒவ்வோர் அணைக்கும் அவசரகாலச் செயல்திட்டம் என்று பட்டியல் நீள்கிறது. ஏற்கெனவே உள்ள அணைகள், சட்டம் நடைமுறைக்கு வந்த 2021 டிசம்பர் 30 முதல் ஐந்தாண்டுகளுக்குள் அச்செயல்திட்டத்தை முடித்தாக வேண்டும். ஆனால் சட்டத்தின் அடிப்படையான வரையறையைப் பார்த்தால் ஓர் இடைவெளி தெரிகிறது. அணையின் கட்டமைப்போ இயக்கமோ பழுதுபட்டு, தேங்கிய நீர் கட்டுப்பாடின்றி வெளியேறுவதையே அது ‘அணைத் தோல்வி’ என்கிறது. இயக்கத்தில் பழுது என்றால், இயக்கக் கையேட்டுக்கு முரணாக நடப்பது என்று பொருள். அப்படியானால், கையேடு சொன்னபடியே, பொறியாளர் அறிந்தே, முழுக் கட்டுப்பாட்டோடு திறக்கப்பட்ட நீர் ஆற்றில் இருந்தவர்களைக் கொண்டுபோனால் அது எந்தக் கணக்கில் சேரும்? சட்டத்தின் கண்ணில் அங்கே அணை சரியாகவே வேலை செய்திருக்கிறது.

இது வெறும் ஊகமல்ல. 2005 ஏப்ரல் 7 அன்று மத்தியப் பிரதேசத்தின் தேவாஸ் மாவட்டத்தில், நர்மதைக் கரையிலுள்ள தாராஜியில் அமாவாசை நீராடலுக்காக மக்கள் திரண்டிருந்தார்கள். மேலே 1,000 மெகாவாட் இந்திராசாகர் மின் நிலையம் உற்பத்தியைத் தொடங்கியதும் ஆற்றில் நீர் மளமளவென்று ஏற, பல பத்துப் பேர் அடித்துச் செல்லப்பட்டார்கள். திருவிழா நாள் ஊரறிந்தது. மின் நிலையம் இயங்கும் நேரம் மின்துறை அறிந்தது. இரண்டையும் ஒருசேர அறிந்து பொறுப்பேற்க ஓர் ஏற்பாடு இல்லை. 2014 ஜூன் 8 அன்று இமாச்சலப் பிரதேசத்தின் மண்டி மாவட்டத்தில், ஐதராபாத்திலிருந்து சுற்றுலா வந்த பொறியியல் மாணவர்கள் பியாஸ் ஆற்றின் பாறைகளில் இறங்கி நின்றபோது, 126 மெகாவாட் லார்ஜி திட்டத்திலிருந்து திறக்கப்பட்ட நீர் 24 மாணவர்களையும் உடன் வந்த ஒருவரையும் கொண்டுபோனது. அன்று மின் தேவை குறைவாக இருந்ததால் உற்பத்தி குறைக்கப்பட்டு, சுழலிகளுக்குப் போகாத நீர் மதகுகள் வழியே ஆற்றில் விடப்பட்டது. இது இந்தியாவின் நிர்வாகக் குறை மட்டுமல்ல. கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில், மடவாஸ்கா ஆற்றின் பாரெட் சூட் என்ற இடத்தில் 2002 ஜூன் 23 அன்று நீர்மின் நிலையத்திலிருந்து விடப்பட்ட நீர், குளித்துக்கொண்டிருந்த ஒரு பெண்ணையும் ஒரு சிறுவனையும் பலிவாங்கியது. இரண்டு நாடுகளோ மூன்று ஆறுகளோ காரணமல்ல; இந்த மூன்று இடங்களிலும் அணை பழுதின்றி இருந்தது, மனிதர்கள் இருப்பது மட்டும் கணக்கில் இல்லாமல் போனது.

நீர்மின் அணைகளில் இந்த ஆபத்து கூடுதலாக இருப்பதற்குத் தெளிவான காரணம் உண்டு. குளிர்ந்து கிடக்கும் அனல்மின் நிலையத்தைக் கிளப்பி முழு உற்பத்திக்குக் கொண்டுவரப் பல மணி நேரமாகும். நீர்மின் நிலையத்துக்குச் சில நிமிடங்கள் போதும். மின் கட்டமைப்பு நீர்மின்சாரத்தை விரும்புவதே இந்த வேகத்துக்காகத்தான். பாசனத்துக்கு விடும் நீர் பெரும்பாலும் நாள்கணக்கில் ஒரே சீராக ஓடும். மின்சாரத்துக்கு விடும் நீரோ காலை, மாலை உச்சத் தேவைக்கேற்ப ஏறி இறங்கும். சூரிய மின்சாரம் பெருகப் பெருக, வெயில் தாழும் வேளையில் விழும் உற்பத்தியை ஈடுகட்டும் பளு நீர்மின் நிலையங்கள் மீது மேலும் ஏறுகிறது. வெயில் தாழும் அந்த வேளைதான் மக்கள் குளிக்கவும் துணி துவைக்கவும் காற்று வாங்கவும் ஆற்றுக்கு வரும் வேளையும்கூட. இயற்கை வெள்ளம் சில அடையாளங்களைக் காட்டிவிட்டு வரும்: மலைப்பக்கம் கறுத்திருக்கும், நீர் கலங்கும், செத்தையும் நுரையும் மிதந்து வரும். ஆற்றங்கரையில் பிறந்து வளர்ந்தவருக்கு அவற்றைப் படிக்கத் தெரியும். அணையிலிருந்து வரும் நீரோ தெளிந்த வானத்தின் கீழ் வருகிறது. நின்ற இடத்திலேயே கணுக்கால் நீர் இடுப்பளவாகிவிடும். தலைமுறைகளாகச் சேர்ந்த அனுபவ அறிவு இங்கே கைகொடுப்பதில்லை. ஆற்றின் இயல்பை மாற்றியவர் எவரோ, மாறிய இயல்பை எடுத்துச் சொல்லும் கடமையும் அவருடையதே.

நம் மேட்டூரையே எடுத்துக்கொள்வோம். 1925இல் தொடங்கி 1934இல் முடிந்த அந்த அணையின் நீர்த்தேக்கத்துக்கு, அதைத் திறந்துவைத்த சென்னை மாகாண ஆளுநரின் பெயரால் ஸ்டான்லி நீர்த்தேக்கம் என்று பெயர். 120 அடிக்கு நிரம்பினால் 93.47 டிஎம்சி. டெல்டா பாசனத்துக்குப் போகும் நீரே அணை மின் நிலையத்திலும் சுரங்க மின் நிலையத்திலும் புகுந்து மின்சாரம் தந்துவிட்டுப் போகிறது; மிஞ்சியது பதினாறு கண் மதகு வழியே பாய்கிறது. அத்தோடு முடிவதில்லை. கீழே செக்கானூர், நெருஞ்சிப்பேட்டை, குதிரைக்கல்மேடு, ஊராட்சிக்கோட்டை என்று கதவணைகள் வரிசையாக நீரைத் தேக்கி, ஒவ்வொன்றிலும் 30 மெகாவாட் அளவுக்கு மின்சாரம் எடுக்கின்றன. இதே நீர்வழிதான் ஆடிப் பதினெட்டுக்குப் புதுமணத் தம்பதிகளும் குடும்பங்களும் இறங்கும் காவிரி. அணைக்கட்டு முனியப்பனுக்குப் பொங்கல் வைத்துக் கிடா வெட்டுவதற்கு முன் குளிக்கும் துறையும், மீன் வறுவல் கடைகளுக்கு வரும் வெளியூர்க்காரர் கால் நனைக்கும் இடமும் இதுவே. வெள்ளக் காலத்தில் மேட்டூரின் எச்சரிக்கை ஏற்பாடு குறை சொல்ல முடியாதது. 2018 ஆகஸ்டில் வினாடிக்கு ஏறத்தாழ இரண்டு லட்சம் கனஅடி வரை நீர் திறக்கப்பட்டபோது கரையோர மாவட்டங்களுக்கு முன்கூட்டியே செய்தி போயிற்று. வருவாய்த் துறையும் காவல்துறையும் கரையோரம் எச்சரித்தன. ஆனால் அந்த ஏற்பாடு ஆயிரக்கணக்கில் வீடுகளைச் சூழும் வெள்ளத்தை மனத்தில் வைத்தது. நாலு பேர் குளிக்கும் துறையில் மூன்றடி ஏறும் நீருக்கு அந்த அளவுகோல் பொருந்தாது.

கதவணைகளிலும் தடுப்பணைகளிலும் இன்னோர் ஆபத்து ஒளிந்திருக்கிறது. தாழ்ந்த தடுப்பின் மேல் வழிந்து விழும் நீர், அடியில் சுருண்டு தடுப்பை நோக்கியே திரும்புகிறது. அதில் அகப்பட்டவரை அடியில் அழுத்தி, மேலே கொண்டுவந்து, மறுபடியும் உள்ளே இழுக்கிறது. காற்றுக் குமிழிகள் கலந்திருப்பதால் அந்த நீரில் உடல் மிதப்பதும் கடினம். எவ்வளவு தேர்ந்த நீச்சல்காரருக்கும் அங்கே கைவீச்சு பயன்படுவதில்லை. காப்பாற்றக் குதித்தவரும் சேர்ந்து போவதற்கு இதுவே காரணம். பார்வைக்கு அது சின்ன அருவி. குழந்தைகளை ஈர்ப்பதும் அந்த அழகுதான். பெரிய அணைக்குக் காவல் உண்டு, தடுப்பணைக்குப் பெரும்பாலும் கிடையாது. உயரத்தை வைத்து மட்டும் ஆபத்தை அளக்கும் முறை எங்கே தவறுகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை. பெரிய அணைகளுக்கென எழுதப்பட்ட சட்டம் இந்தச் சிறிய கட்டுமானங்களில் பெரும்பாலானவற்றைத் தொடுவதுமில்லை.

நீர் திடீரென வருவது ஒரு வகை ஆபத்து என்றால், நீண்ட காலம் வராமலே இருப்பது இன்னொரு வகை. கேரளத்தின் இடுக்கித் திட்டத்தில் வளைவு அணைக்கு மதகில்லை. உபரிநீர் பக்கத்திலுள்ள செறுதோணி அணையின் மதகுகள் வழியேதான் வெளியேற வேண்டும். 1992க்குப் பிறகு அம்மதகுகள் 2018 ஆகஸ்ட் 9 அன்றுதான் திறக்கப்பட்டன. இடைப்பட்ட இருபத்தாறு ஆண்டுகளில் ஆற்றின் வழியில் பேருந்து நிலையமும் வாழைத் தோட்டங்களும் கடைகளும் வந்துவிட்டன. ஆறு அங்கே ஆறாக இருந்ததையே ஒரு தலைமுறை பார்த்ததில்லை. ஆனாலும் அங்கே ஒரு நல்ல முன்மாதிரியும் கிடைத்தது. நீர்மட்டம் 2,390 அடியைத் தொட்டால் நீலம், 2,395இல் ஆரஞ்சு, 2,399இல் சிவப்பு என்று படிப்படியான எச்சரிக்கை முறை பொதுமக்களுக்கு வெளிப்படையாக அறிவிக்கப்பட்டிருந்தது. எந்த அடியில் என்ன நடக்கும் என்பது வீட்டுப் பேச்சாயிற்று. மக்களிடம் சொன்னால் பீதி பரவும் என்று தகவலைப் பூட்டிவைக்கும் பழக்கத்துக்கு இது நேரடியான மறுமொழி. எண்ணும் பொருளும் தெளிவாக இருந்தால் மக்கள் அவற்றைப் புரிந்துகொண்டு நடப்பார்கள்.

அணைக்கு மேலே, நீர்த்தேக்கத்தின் பரப்பிலும் இதே குறைதான். முல்லைப் பெரியாறு அணை 1895இல் முடிந்தது. அது உடையுமா என்ற வாதம் பல ஆண்டுகளாக நீதிமன்றங்களிலும் இரு மாநில அரசியலிலும் நடந்துவருகிறது. ஆனால் அந்த அணை தேக்கிய தேக்கடி ஏரியில் உயிர்கள் போனது வேறு வழியில். 2009 செப்டம்பர் 30 அன்று சுற்றுலாப் படகு ஒன்று கவிழ்ந்து 45 பேர் இறந்தார்கள். படகின் அமைப்பு, அதில் ஏற்றப்பட்ட ஆட்களின் எண்ணிக்கை, உயிர்காப்புச் சட்டை ஆகியவை பற்றித்தான் பிறகு கேள்விகள் எழுந்தன. அணைச் சுவரைப் பற்றியல்ல. நீர்த்தேக்கம் என்பது ஏரி போலத் தெரிந்தாலும் ஏரியல்ல. அதன் மட்டம் பருவத்துக்குப் பருவம் பல பத்து அடி மாறும். நீர் வடிந்த கரை மேலே காய்ந்து உள்ளே சேறாக இருக்கும். மூழ்கிய மரங்களும் கட்டடங்களும் பள்ளங்களும் அடியில் கிடக்கும். மேட்டூரில் நீர் குறையும்போது பண்ணவாடியில் பழைய நந்தியும் தேவாலயக் கோபுரமும் வெளியே வர, பார்க்கக் கூட்டம் கூடுகிறது. இந்த மாதம் நடந்து போகக்கூடிய தரை, அடுத்த மாதம் பரிசல் ஓடும் ஆழம். அந்த மாற்றத்தை நாள்தோறும் அளந்து பதிவுசெய்வது அணை நிர்வாகம். படகுக்கு உரிமம் தருவதும் கூட்டத்தைக் கவனிப்பதும் வேறு வேறு துறைகள். அளவீடு ஓரிடத்திலும் ஆபத்து வேறிடத்திலும் இருப்பதுதான் சிக்கல்.

இதற்கு எழும் முதல் மறுப்பு, குற்றம் இறங்கியவருடையது என்பது: பலகை வைத்திருக்கிறோம், படித்தும் இறங்கினால் யார் என்ன செய்ய முடியும் என்கிறார்கள். சிலர் அசட்டுத் துணிச்சலோடும் குடித்துவிட்டும் இறங்குவது உண்மைதான். அவர்களின் பொறுப்பை மறுக்க வேண்டியதில்லை. ஆனால் ‘ஆபத்தான பகுதி’ என்ற பொதுவான பலகை, என்ன ஆபத்து, எப்போது, எவ்வளவு விரைவில் என்பதைச் சொல்வதில்லை. நாள் முழுதும் அமைதியாகக் கிடக்கும் ஆற்றின் பக்கத்தில் துருப்பிடித்து நிற்கும் பலகையைக் கண் நம்புவதில்லை. லார்ஜி வழக்கில் இமாச்சலப் பிரதேச உயர் நீதிமன்றம் இந்தப் பொறுப்பைப் பிரித்துப் பார்த்த விதம் நியாயமானது. ஒவ்வொரு மாணவரின் பெற்றோருக்கும் 20 லட்சம் ரூபாய் இழப்பீடு வழங்கச் சொன்ன அது, அதன் பெரும்பங்கை மின்வாரியத்தின் மீதும், மீதியைக் கல்லூரி மீதும் மாநில அரசின் மீதும் சுமத்தியது. எச்சரிக்க வேண்டியவர் எச்சரிக்காதபோது, எச்சரிக்கையாக இருந்திருக்கலாமே என்று இறந்தவரிடம் கேட்பது அறமாகாது.

இரண்டாவது மறுப்பு பொறியாளர்களிடமிருந்து வருகிறது, அது கனமானது. நீர்மின்சாரத்தின் மதிப்பே வேகத்தில் இருக்கிறது, அந்த வேகத்தைக் கட்டிப்போட்டால் மின் கட்டமைப்பு தடுமாறும் என்கிறார்கள். ஆனால் இந்தியாவில் மின் உற்பத்திக்கான அட்டவணை, ஒரு நாளை 15 நிமிடங்கள் கொண்ட 96 கூறுகளாகப் பிரித்து முந்தைய நாளே போடப்படுகிறது. நாளை மாலை எத்தனை மணிக்கு எந்த நிலையம் எவ்வளவு தர வேண்டும் என்பது பெரும்பாலும் தெரிந்த செய்தி. அது மின்துறைக்குள் சுற்றுவதோடு நிற்காமல் ஊராட்சிக்கும் படித்துறைக்கும் வந்துசேர என்ன தடை? முதலில் சிறிதளவு நீர் விட்டு, கரையேற அவகாசம் தந்து, பிறகு முழு அளவைத் திறப்பதால் இழப்பது சில நிமிட உற்பத்தி. எதிர்பாராமல் உடனே இயக்க வேண்டிய நெருக்கடிகளும் உண்டு. அதற்குச் சுழலியைத் தொடங்கும் கட்டளையோடு அபாயச் சங்கையும் இணைத்துவிடலாம். சங்கு ஒலித்தால்தான் மதகு அசையும் என்ற ஏற்பாட்டுக்கு மனிதரின் நினைவாற்றலை நம்ப வேண்டியதில்லை. செல்பேசிக்கு எச்சரிக்கை அனுப்பும் முறையும் வந்துவிட்டது. ஆனால் குளிப்பவர் செல்பேசியைக் கரையில் விட்டுவிட்டுத்தான் இறங்குவார் என்பதால் சங்குக்கு அது மாற்றாகாது. அடிக்கடி ஊதினால் மக்கள் பழகி அலட்சியம் செய்வார்கள் என்ற ஐயமும் கவனிக்கத்தக்கது. நீர் வராதபோது ஊதும் சங்குதான் அலட்சியத்தை வளர்க்கும். ஒவ்வொரு முறையும் ஒலிக்குப் பின்னே நீர் வந்தால், அந்த ஒலிக்கு ஊரே கட்டுப்படும்.

மூன்றாவது மறுப்பு எளிய தீர்வைப் போலத் தோன்றுகிறது: ஆற்றிலும் நீர்த்தேக்கத்திலும் யாரையும் விடாதீர்கள். சுழல் உள்ள கதவணையடியிலும் மதகுக்கு முன்னாலும் முழுத் தடை தேவை, அதில் சமரசமில்லை. ஆனால் ஆறு முழுவதற்கும் தடை என்பது நடக்காது, நடக்கவும் கூடாது. அணை வருவதற்கு முன்பே ஆறு அங்கே இருந்தது. குளிப்பதும் மீன் பிடிப்பதும் நீத்தாருக்கு நீர் இறைப்பதும் கரை மக்களின் வாழ்க்கை. மின்சாரத்துக்காக ஆற்றை மாற்றியவர்கள், ஆற்றையே மறந்துவிடுங்கள் என்று அவர்களிடம் சொல்ல முடியாது. தடை போட்டால் கூட்டம் கலையாது, காவல் இல்லாத வளைவுக்கு நகரும். மாறாக, பாதுகாப்பான துறையை அடையாளம் கண்டு, படி கட்டி, கயிறும் மிதவையும் வைத்து, உயிர்காப்பாளரை நிறுத்தினால் மக்கள் அங்கேயே கூடுவார்கள். பணமில்லை என்றும் சொல்ல முடியாது. 2020இல் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்த அணைப் புனரமைப்புத் திட்டத்தின் அடுத்த கட்டங்களில், சுற்றுலா முதலியவற்றால் அணைகளுக்கு வருவாய் சேர்ப்பதும் ஓர் அங்கம். வருவாய்க்காகக் கூட்டத்தை அழைக்கும் அரசு, அந்தக் கூட்டத்தின் உயிருக்கான செலவை அதே வருவாயின் முதல் பங்காக வைப்பதே முறை.

ஆகவே செய்ய வேண்டியவை பெரிய கண்டுபிடிப்புகள் எவற்றையும் கோரவில்லை. கனடாவின் அணைகள் சங்கம், அணையைச் சுற்றியுள்ள பொதுமக்களின் பாதுகாப்புக்கென்று தனி வழிகாட்டி நெறிகளை 2011இலேயே வெளியிட்டது. அணையின் உறுதியை ஆய்வதைப் போலவே, மக்கள் எங்கே, எப்போது, எதற்காக வருகிறார்கள் என்பதையும் ஆய்வது அதன் அடிப்படை. நம் சட்டமும், கட்டுப்பாட்டோடு திறந்த நீரால் நேரும் உயிரிழப்பைப் பதிவுசெய்து விசாரிக்க வேண்டிய நிகழ்வாக ஏற்க வேண்டும். பதியப்படாத சாவிலிருந்து எந்தப் பாடமும் பிறப்பதில்லை. ஒவ்வோர் அணையின் இயக்கக் கையேட்டிலும் நீர் உயரும் வேகத்துக்கு வரம்பும், ஆடிப் பெருக்கு, அமாவாசை, விடுமுறை நாட்களின் நாட்காட்டியும் இடம்பெற வேண்டும். கதவணைகளும் தடுப்பணைகளும் உயரம் பாராமல் ஆபத்தை வைத்து வகைப்படுத்தப்பட வேண்டும். அவசரகாலச் செயல்திட்டங்களுக்குச் சட்டம் தந்த கெடு 2026 டிசம்பரில் முடிகிறது. அணை உடைந்தால் ஊரை எப்படிக் காலிசெய்வது என்ற வரைபடத்தோடு அத்திட்டங்கள் நின்றுவிட்டால், எப்போதோ ஒருமுறை வரக்கூடிய பேரழிவுக்கு ஆயத்தமாகி, எந்த மாலையிலும் நேரக்கூடிய சாவை விட்டுவிட்டவர்களாவோம். அணைகளின் சுவர்களை நம்மால் காக்க முடிகிறது. அதே அக்கறையும் கணக்கும் ஒழுங்கும் இறங்கி நிற்கும் மனிதர்வரை நீளும்போதுதான் அணை பாதுகாப்பானது என்று சொல்லும் தகுதி நமக்கு வரும்.